பத்தாயத்தில் ஓட்டை

அறுபத்தைந்து வயதுக்கு மேல் அம்மாவுக்குப் பச்சரிசி தின்னும் பழக்கம் வந்தது. முறத்தோடு உட்கார்ந்தால் அரிசி புடைக்கிற நேரத்தில் பாதிக்கு வாய் அசைந்துகொண்டே இருக்கும். முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டுதான் கொல்லைக்கே போவாள். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள் இல்லையா, அண்ணன் மகள் அதைச் சொல்லியே கிண்டல் அடிப்பாள்: "அப்பாயி, உனக்கு இனிமே எந்தக் கல்யாணம்?" எல்லோரும் சிரித்தோம். உடம்பில் இரும்பு குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், திருநீறு, சாக்பீஸ் என்று எதையாவது தின்னத் தோன்றும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. கோரையாற்றுப் பாசனம், ஆறு மா நிலம். அறுபத்து மூன்று வயது வரை அம்மா நடவுக்கும் களைபறிக்கும் இறங்கியவள். முட்டி தேய்ந்த பிறகுதான் கரையேறினாள். அப்புறம் ஆயாசம் ஆரம்பித்தது. மாட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மேல்மூச்சு வாங்கும். ராத்திரி படுத்தால் காதுக்குள் பம்புசெட் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்பாள். சாயங்காலமானால் கால் வீங்கும். "வயசாயிடுச்சுல்ல" என்று நாங்கள் சொன்னோம். அவளும் அதையே சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் கோயில் பிராகாரத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஹீமோகுளோபின் 6.2. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. ஆண்களுக்கு அந்த எல்லை 13. "ரத்தம் ரொம்பக் கம்மி, ஏத்திடலாம்" என்றார்கள். இரண்டு யூனிட் ஏற்றி, ஒரு இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வீட்டில் எங்கள் பங்குக்கு நாங்களும் இறங்கினோம். தினம் பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் 6.8.

அப்போதுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்றார். பிரஷருக்கு ஒன்று என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். "முட்டி வலிக்கு?" அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு அட்டையை எடுத்து வைத்தாள். டைக்ளோஃபெனாக். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மூன்று வருஷமாக. மெடிக்கலில் சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள், காசைக் கொடுத்தால் அட்டை வரும். பெரும்பாலும் வெறும் வயிற்றில், டீயோடு. வலி மாத்திரையை அவள் மாத்திரைக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. தலைவலித் தைலம் மாதிரி அது ஒன்று, அவ்வளவுதான்.

"வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?" அடுத்த கேள்வி. இருக்கிறது என்றாள். சத்து டானிக் குடித்தால் கறுப்பாகத்தான் போகும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாராம், அதனால் கவலைப்படவில்லையாம். நர்சம்மா சொன்னதும் தப்பில்லை. இரும்பு மருந்தால் வருகிற கறுப்பு வேறு, வயிற்றில் ரத்தம் கசிந்து வருகிற கறுப்பு வேறு. இரண்டாவது தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமும் தனி. அம்மாவிடம் அதை அப்படிப் பிரித்துக் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பெற்ற தாயிடம் இதையெல்லாம் கேட்பதா என்ற கூச்சம்தான். அந்தக் கூச்சத்துக்கு நாங்கள் கொடுத்த விலை இரண்டு யூனிட் ரத்தமும் ஐந்து மாதமும்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது, அந்த வலி மாத்திரை செய்த வேலை. பெரிய ரத்தப்போக்கு இல்லை, மெதுவான கசிவு. டாக்டரம்மா எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். 1 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து குடல் சாதாரணமாக ஒரு நாளைக்கு உள்ளே எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். தினம் ஒரு தேக்கரண்டி ரத்தம், அதாவது 5 மில்லி, கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போய்விடும். வரவைவிடச் செலவு அதிகம். அந்த அளவுக் கசிவு கண்ணுக்கே தெரியாது. பீட்ரூட்டை மலையாகக் குவித்தாலும் கணக்கு நேராகாது. பீட்ரூட்டில் இரும்பும் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை, நிறம்தான் ரத்தம் மாதிரி. அதைத் துருவித் துருவிக் கை சிவந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அன்றைக்கு வார்டில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பிறகு படித்ததையும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

ரத்தம் என்பது ஒரே பொருள் இல்லை. பாதிக்கு மேல் தண்ணீர் மாதிரியான பிளாஸ்மா. அதில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் மிதந்து ஓடுகின்றன. வெள்ளையணு கிருமியோடு சண்டை போடும். தட்டணு காயத்தை அடைக்கும். உடைப்பெடுத்த வாய்க்காலுக்கு மணல் மூட்டை போடுகிற மாதிரி. சிவப்பணுவின் வேலை மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனை நுரையீரலில் ஏற்றிக்கொண்டுபோய் உடம்பெங்கும் இறக்குவது. அதற்குள் இருக்கிற ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் கை. அந்தக் கைக்கு இரும்பு வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் என்று கணக்கு. 48 கிலோ இருக்கிற அம்மாவுக்கு மூன்றரை லிட்டர்கூட வராது.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. ஆயுள் ஏறக்குறைய 120 நாள். நம் ஆடுதுறை 36 நெல்லுக்கு 110 நாள் என்றால் இதற்குப் பத்து நாள் கூட, அவ்வளவுதான். கிழடானதை மண்ணீரலும் கல்லீரலும் பிரித்து, உள்ளே இருக்கிற இரும்பைத் திரும்ப மஜ்ஜைக்கே அனுப்பிவிடும். மஜ்ஜைக்குத் தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு தேவை. அதில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வருவதுதான். நாம் சுவரொட்டி என்று வாங்கித் தின்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊற அதைக் கொடு என்று சொன்ன நம் பாட்டிமார்களுக்கு மஜ்ஜையும் தெரியாது, ஹீமோகுளோபினும் தெரியாது. ஆனாலும் இரும்பு சேர்ந்து கிடக்கிற இடத்தைச் சரியாகக் கை காட்டியிருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் சோகைக்குக் கொடுக்கிற அன்னபேதிச் செந்தூரமும் அப்படித்தான், அன்னபேதி என்பதே இரும்பு உப்பு.

எனக்குப் புரிந்த இடம் பத்தாயம். அறுத்த நெல் பத்தாயத்தில் இருக்கும். அன்றாடச் சோற்றுக்கு அதிலிருந்து எடுத்துக் குத்தி அரிசிப் பானையில் போட்டுக்கொள்வோம். ஹீமோகுளோபின் அரிசிப் பானை. உடம்பு சேர்த்து வைத்திருக்கிற இரும்பு பத்தாயம். பத்தாயத்தை அளக்கிற பரிசோதனைக்குப் பெயர் ஃபெரிட்டின். பத்தாயம் காலியாகிக்கொண்டே வரும்போதும் பானை நிறைந்துதான் இருக்கும். பானையின் அடி தெரிகிறபோது பத்தாயம் எப்போதோ துடைத்து வைத்ததாகியிருக்கும். ரத்தம் ஏற்றுவது பக்கத்து வீட்டில் நாலு படி கடன் வாங்கிப் பானையில் கொட்டுவது. ஒரு யூனிட்டுக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏறும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அது வேண்டியதுதான். ஆனால் பத்தாயத்தின் அடியில் எலி ஓட்டை போட்டிருக்கும்போது கடன் அரிசி எத்தனை நாளைக்கு?

வெளிறிப்போவது ஏன் என்றும் கேட்டேன். தண்ணீர் குறைந்த வருஷத்தில் நமக்கு நடப்பதுதான் உடம்பிலும் நடக்கிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தண்ணீர் வருவது குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. உடம்பும் இருக்கிறதை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் பாய்ச்சிவிட்டுத் தோலைக் காயவிடும். அதனால்தான் கண்ணின் கீழ் இமையையும் உள்ளங்கை ரேகையையும் நகத்தையும் பார்க்கிறார்கள். முறைப் பாசனத்தில் கடைசி மடைக்காரர்கள் நாம், இது நமக்குப் புதிதா என்ன.

அம்மாவை மூன்று நாள் படுக்கவைத்தார்கள். ஒரு யூனிட் ரத்தம், புண்ணுக்கு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரைக்கு நிரந்தரத் தடை. கூடவே பூச்சி மாத்திரையும், அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குட்டி இருக்கும், வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும், கடைசியில் குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பது இதற்கும் சேர்த்துத்தான். செருப்புப் போடுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவள் எந்தச் செருப்பைப் போடுவாள்? வாய்க்கால் கரைக்கும் மூங்கில் தோப்புக்கும் வெளிக்குப் போவது நின்றாலே இது பெருமளவு நிற்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பிறகும் சில பெரியவர்கள் தோப்புக்குத்தான் போகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அம்மாவுக்கு ஏற்றிய ரத்தத்துக்கு ஈடாக யாராவது கொடுத்தால் நல்லது என்றார்கள். அண்ணன் கொடுத்தார். நானும் கையை நீட்டினேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 11.4தான் இருக்கு, 12.5 இருந்தாத்தான் எடுப்போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது, படியேறினால் படபடப்பு. தைராய்டாக இருக்கும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஃபெரிட்டின் பார்த்தால் 6. பானையில் ஓரளவு இருக்கிறது, பத்தாயம் சுத்தம். எனக்கு ஓட்டை மாதவிடாய். இயல்பாக ஒவ்வொரு மாதமும் போவது 30 முதல் 40 மில்லி, 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? மணிக்கு ஒரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், ராத்திரி அதற்காகவே எழுந்திருக்க வேண்டியிருந்தால், பெரிய கட்டியாகப் போனால், ஏழு நாளைத் தாண்டினால் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த நான்கில் மூன்று இருந்தன. நாற்பது வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஸ்கேனில் கருப்பையில் சின்ன நார்க்கட்டி. மருந்திலேயே கட்டுக்குள் வந்தது.

சரி, வீட்டில் எல்லோருக்கும் பார்த்துவிடலாம் என்று சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற பரிசோதனை, எடுத்தோம். அதில்தான் அண்ணன் மகள் மாட்டினாள். பள்ளியில் நீல நிற இரும்பு மாத்திரை கொடுத்த நாள் முதல் அவளுக்கு ரத்தம் கம்மிதான். எத்தனை மாத்திரை தின்றாலும் 10.8ஐத் தாண்டாது. "ஒழுங்கா சாப்பிட மாட்டேங்குறா" என்று அண்ணி அவளைத் திட்டாத நாள் இல்லை. இந்தத் தடவை ரிப்போர்ட்டில் வேறு இரண்டு வரியைப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. ஒன்று எம்சிவி, அதாவது சிவப்பணுவின் பருமன். 80 முதல் 100 வரை இருக்க வேண்டும், இவளுக்கு 64. இன்னொன்று சிவப்பணுக்களின் எண்ணிக்கை, அது 5.7. இரும்பு குறைந்தால் அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் இறங்கும். இவளுக்கு அணு பொடிப்பொடியாக இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் ஏகப்பட்டது. எம்சிவியை எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் குறைபாடு என்று சந்தேகப்படலாமாம். இவளுக்கு 11 சொச்சம். ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது. அதைப் பார்த்து, ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தலசீமியா மரபு உள்ளவள் என்று வந்தது.

இது அவளுக்கு நோய் இல்லை. ஹீமோகுளோபின் செய்கிற மரபணு இரண்டில் ஒன்று பழுது, இன்னொன்று வேலை செய்கிறது. ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். இரும்பு உண்மையிலேயே குறைந்தால் தவிர மாத்திரை தேவையில்லை. ஆனால் இவளைப் போலவே மரபு உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளை தலசீமியா மேஜரோடு பிறக்க. அந்தப் பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி, யார் பக்கத்துப் பழுது என்பதுதான். அண்ணனுக்கு இல்லை, அண்ணிக்கு இருக்கிறது. அண்ணி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எங்கள் அத்தை ஒருத்தி ஏதோ சொல்லப்போக, அம்மாதான் படுக்கையில் இருந்தபடியே அதட்டினாள். சிக்கல் அதோடு முடியவில்லை. அண்ணியின் தம்பி மகனுக்கு இவளைக் கொடுப்பதாக ஒரு பேச்சு இருந்தது. தாய்மாமன் வீட்டுச் சம்பந்தம், சின்ன வயதிலிருந்தே பேசிவைத்தது. அண்ணி தயங்கித் தயங்கித் தம்பியிடம் சொல்ல, அவனும் மகனும் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டார்கள். இருவருக்குமே இருக்கிறது. ஒரே வீட்டில் ஓடுகிற மரபணு என்றால், முறை பார்த்துக் கட்டும்போது அது இரண்டு பக்கமும் சேருகிற வாய்ப்பு கூடும் என்பது இவ்வளவு நெருக்கத்தில் வந்தபோதுதான் உறைத்தது. பேச்சு அப்படியே நின்றது. அண்ணன் மகள் இதற்காக வருத்தப்பட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு வேறு எண்ணம் ஏதோ இருக்கிறது, அது தனிக் கதை. என்னைக் கேட்டால், ஜாதகக் கட்டோடு இந்த ஒரு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்ப்பதில் எந்தத் தோஷமும் வந்துவிடாது.

எதிர் வீட்டுப் பெரியவர் கதை எங்களுக்கு நேர் எதிர். சைவம், சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின். பாதத்தில் மதமதப்பு, நடை தள்ளாட்டம். சர்க்கரைதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். என் புதுப் பைத்தியத்தில் அவருடைய ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். எம்சிவி 112. அணு பெருத்துக் கிடக்கிறது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். பி12 பற்றாக்குறை என்று தெரிந்து ஊசி போட்டார்கள், ஆயாசம் போய்விட்டது, கால் மதமதப்பில் கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது. அவருக்கும் "ரத்தம் கம்மி"தான். இரும்பு கொடுத்திருந்தால் ஒரு பலனும் இருந்திருக்காது.

மாத்திரை சாப்பிட்டதில் நாங்கள் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சத்து மாத்திரையைப் பதினோரு மணி டீயோடுதான் விழுங்குவாள். டீயும் காபியும் இரும்பைக் குடலில் ஏறவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது வேண்டும். சாப்பாட்டுக்கும் அப்படியே. கால்சியம் மாத்திரை, பால் இவையும் அந்த நேரத்தில் ஆகாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஏறும்; முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவது எங்கள் வீட்டில் அன்றிலிருந்துதான். மாத்திரை எனக்குக் குமட்டியது, மலச்சிக்கலும் வந்தது. நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். ஒரேயடியாக இரும்பு வந்தால் குடல் மறுநாள் மதகை இறக்கிவிடுமாம், இடைவெளி விட்டால் திறந்து வைக்குமாம். எனக்கு அது ஒத்துக்கொண்டது.

பெரிய தப்பு, பாதியில் நிறுத்துவது. அம்மாவுக்கு ஒரு மாதத்தில் 9.7, மூன்று மாதத்தில் 11.9. "அதான் ஏறிடுச்சே" என்று அண்ணன் அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். பானை நிறைந்திருக்கிறது, பத்தாயம் இன்னும் காலி என்று நான் சண்டை போட்டேன். இன்னும் மூன்று மாதம் கொடுத்தோம். பச்சரிசி ஆசை போனது மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்திலேயே. ஒரு நாள் முறத்தில் அரிசி இருக்க, வாய் சும்மா இருந்தது. "என்னமோ மாவு மாதிரி இருக்கு, பிடிக்கல" என்றாள்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது கசிவா என்று பார்க்காமல் விடக் கூடாது என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். புண் மட்டுமில்லை, புற்றுநோய்கூட அப்படித்தான் முதலில் தலைகாட்டுமாம். அம்மாவுக்கு அதையும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைக்குக் கொடுத்த பயிற்சி, கழிப்பறையில் உட்காரும் நாற்காலி என்று ஓட்டுகிறோம். போன கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டபோது ரொம்பத் துடித்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன், நாலாவது படிக்கிறவன், என்னிடம் வந்து நின்றான். கையில் இருபது ரூபாய். "அத்தை, ஆயா ஒரு மாத்திரை வாங்கியாரச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க" என்றான்.